உத்தரவு கேட்கப் போன வெள்ளிக்கிழமை

போன வாரம் புதன்கிழமை, ஆபீஸில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. தேவாரத்திலிருந்து என் தோழி செல்வராணி.

"வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிரு. உத்தரவு கேக்கப் போறோம். நீ கூட இருக்கணும்."

வேறு பேச்சே இல்லை. வைத்துவிட்டாள்.

நான் தேனியில் குப்பை கொட்டுவது ஓர் அரசு அலுவலகத்தில். எங்கள் உலகத்தில் உத்தரவு என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். மேலே ஓர் எண், கீழே ஒரு கையெழுத்து, நடுவில் யாருக்கும் புரியாத ஒரு பத்தி. அவளுடைய தையல் கடைக்கு ஏதாவது லைசென்ஸ் சிக்கலோ என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு வாய் சோறு உள்ளே போன பிறகுதான் உறைத்தது. அவள் கேட்கப் போவது அம்மனிடம். பதில் சொல்லப் போவது... பல்லி.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஆண்டிபட்டி கணவாய் தாண்டி எங்கள் பக்கம் வந்து சிரிக்காதீர்கள். தோட்டத்தில் போர்வெல் போடுவதா, புது வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் வைப்பது, மகனுக்கு அந்த இடத்தில் பெண் எடுக்கலாமா... சில குடும்பங்களில் இன்றைக்கும் உத்தரவு கேட்காமல் ஒரு செங்கல் நகராது. பேங்கில் லோன் சாங்ஷன் ஆகி, டிராக்டருக்கு மாலையும் போட்ட பிறகு, "ஆத்தா இன்னும் உத்தரவு குடுக்கல" என்று டெலிவரி எடுக்க மறுத்த ஒருவரை எனக்குத் தெரியும். ஷோரூம்காரர் பாவம், தானே ஒரு பல்லியைப் பிடித்துக்கொண்டு போய் விடத் தயாராக இருந்தார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு சொல் காதில் விழுந்து ஒட்டிக்கொண்டுவிட்டால், அதன் பூர்வீகத்தை விசாரிக்காமல் எனக்கு வேறு வேலை ஓடாது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் தானே காபி போட்டுக் குடித்துக்கொண்டார். பழகிவிட்டது அவருக்கு.

உத்தரவு. பதில் என்று ஒரு பொருள். கட்டளை என்று ஒன்று. அனுமதி என்று ஒன்று. விடைபெற்றுக்கொள்வது என்று இன்னொன்று.

எல்லாவற்றுக்கும் மூலம் உத்தரம் என்கிற வடசொல். மேலே இருப்பது, பின்னால் வருவது என்பதுதான் அதன் ஆதிப்பொருள். இமயமலை உயர்ந்து நிற்கிற பக்கம் என்பதால் வடக்குத் திசைக்கு அந்தப் பெயர். தலைக்கு மேலே கிடப்பதால் கூரையைத் தாங்கும் மரத்துக்கும் அதே பெயர். கேள்விக்குப் பின்னால் வருவதால் பதிலுக்கும் அதே பெயர்.

சரி... பதில் எப்போது கட்டளையாக மாறியது? யோசித்துப் பார்த்தால், அது நாம் யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்த விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் பதில். ராஜா சொன்னால் கட்டளை. சாமி சொன்னால் கேட்கவே வேண்டாம். கேள்வி கேட்டவன் குனிந்து நிற்கும்போது, திரும்பி வருகிற பதில் தானாகவே கொஞ்சம் உயரமாகிவிடுகிறது.

அப்புறம் அந்தக் கடைசிப் பொருள். விருந்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்று "அப்ப உத்தரவு வாங்கிக்கிறேன்" என்பார்களே, அது. நம்முடைய சொந்தச் சொல்லான 'விடை'யும் இதே வேலையைத்தான் செய்கிறது. பரீட்சையில் எழுதுவதும் விடை, வாசலில் நின்று பெறுவதும் விடை. இரண்டு மொழிக்காரர்களுக்கும் எங்கேயோ ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. பதில் கிடைத்துவிட்டால் கிளம்பிவிட வேண்டும் என்கிற எண்ணம்.

செல்வராணியும் கிளம்புவதற்குத்தான் உத்தரவு கேட்கிறாள். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்த கையோடு அவளுக்குக் கல்யாணம் ஆனது. அவள் அண்ணன் முருகேசன்தான் மாப்பிள்ளை பார்த்தார். மாப்பிள்ளை நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். மகள் தவழ ஆரம்பித்த வருடம் மஞ்சள்காமாலை வந்து போய்விட்டார். முருகேசன் அண்ணன் தங்கையையும் குழந்தையையும் அழைத்துவந்து, தன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடிவைத்தார். தேவாரம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் தையல் கடை வைத்துக்கொடுத்தார். அவளுக்குத் தோள்வலி என்று, திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் தினமும் காலையில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போவார். இன்றைக்கும் அப்படித்தான். அந்தக் குழந்தை இப்போது கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறது.

இந்தக் கதைக்குள் ஒரு நாள் சுரேந்திரன் வந்தார். நெடுங்கண்டம் பக்கத்து மலையாளி. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவர். மனைவி இறந்து பல வருடம் ஆகிறது. கிழிந்த தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார். "இது பிளவுஸ் தைக்கிற மெஷின், ஊசி ஒடிஞ்சுரும்" என்று செல்வராணி திருப்பி அனுப்பிவிட்டாள். மறுவாரம் ஜீப் சீட்டு உறைகளைக் கொண்டுவந்தார். அதற்கடுத்து வீட்டு ஜன்னலுக்குத் திரைத்துணி. அதற்குப் பிறகு தைக்க எதுவுமே இல்லாமல் வந்தார்.

முதலில் வாயைத் திறந்தது மகள்தான். தீபாவளிக்கு வந்தவள், முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அம்மாவிடம், அவரைக் கல்யாணம் செய்துகொள் என்று நேராகச் சொல்லிவிட்டாள். முறுக்கு கருகிப்போனதாம். செல்வராணி பிறகு என்னிடம் போனில் சொன்னபோது அவள் குரலில் ஒரு கூச்சம் இருந்தது. நாற்பதுகளின் கடைசியில் நிற்கும் ஒருத்தியின் குரலில் அப்படி ஒரு கூச்சத்தைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அண்ணனிடம் யார் சொல்வது? மாமாவிடமும் மகளே சொன்னாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஆத்தா உத்தரவு கொடுத்தால் குறுக்கே நிற்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார். அவர்கள் குலதெய்வத்திடம் ஆடி வெள்ளியில்தான் உத்தரவு கேட்க முடியும். ஒரு வீட்டுக்கு வருடத்தில் ஒரு கேள்விதான். ஆக, தீபாவளிக்கு எழுந்த பேச்சு ஆடி வரைக்கும் காத்திருந்தது. ஆடியில் உத்தரவு கிடைத்தால் ஆவணியில் கல்யாணம். கிடைக்காவிட்டால்... அதை அவள் யோசிக்கவில்லை என்றாள். பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போடி வழியாகத் தேவாரம் பஸ்ஸில் ஏறினேன்.

ஆடிக் காற்று எங்கள் பள்ளத்தாக்குக்குள் புகுந்துவிட்டால் மனிதர்கள் பாதி விழிப்பில்தான் நடமாடுவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டித் தீர்க்கும். எங்களுக்கு வந்து சேருவது அதன் ஈரம் மட்டும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும், தலைக்கு மேல் மேகம் இருக்காது, ஆனாலும் முகத்தில் சாரல் விழும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் சொக்கியது. தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தன. மேற்கே மலை இருந்த இடத்தில் மலை இல்லை, வெள்ளையாக ஏதோ இருந்தது. பஸ்ஸில் யாரும் பேசவில்லை. பேசினாலும் காற்று வாங்கிக்கொண்டு போய்விடும்.

கோயில் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில். மெயின் ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையில் முருகேசன் அண்ணன் முன்னால் நடந்தார். தேங்காய் பழம் இருந்த பையை யாரிடமும் கொடுக்காமல் அவரே சுமந்துகொண்டார். நாங்கள் இருவரும் பின்னால்.

"அவருகிட்ட உத்தரவு கேக்கப் போறோம்னு சொன்னேன்" என்றாள் செல்வராணி. காற்றில் அவள் என் காதருகில் வந்து பேச வேண்டியிருந்தது. "எந்த ஆபீசுலன்னு கேக்குறாரு."

சிரித்துக்கொண்டோம். பல்லி விஷயத்தை அவள் விளக்கியதும் சுரேந்திரன் தங்கள் ஊர்ப் பழமொழி ஒன்றைச் சொன்னாராம். மலையாளத்திலும் பதிலுக்கு உத்தரம், கூரை மரத்துக்கும் உத்தரம்தான். அந்த மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லி, தான்தான் அதைத் தாங்குவதாக நினைத்துக்கொள்ளுமாம். தான் விட்டுவிட்டால் வீடே விழுந்துவிடும் என்று பயந்து அசையாமல் இருக்குமாம்.

அவள் முன்னால் போகும் அண்ணனின் முதுகைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை காற்றில் உப்பியிருந்தது.

"பாவம்டி, இத்தன வருசமா தாங்கிக்கிட்டே இருக்கு" என்றாள்.

கோயில் சின்னதுதான். ஓட்டுக் கூரை, குறுக்கே கறுத்துப்போன பெரிய மரம், அதன் கீழே மஞ்சள் பூசிய அம்மன். பூசாரி தங்கப்பாண்டி முருகேசன் அண்ணனுக்குப் பங்காளி. வருடத்துக்கு ஒரு வீடு என்று பூசை முறை வரும், இந்த வருடம் அவர் முறை. மற்ற நாட்களில் மோட்டார் காயில் கட்டுகிறவர். வேட்டியில் மெஷின் ஆயில் கறையோடுதான் தீபாராதனை காட்டினார்.

வழக்கம் என்னவென்றால், பூசாரி கேள்வியைச் சத்தமாகச் சொல்வார். இன்னார் வீட்டில் இன்ன காரியம், சம்மதம் என்றால் சொல்லு ஆத்தா என்று. பிறகு சூடம் எரிந்து அணையும் வரை எல்லோரும் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். அதற்குள் அம்மனுக்கு வலப்பக்கமிருந்து பல்லி சொன்னால் உத்தரவு. இடப்பக்கம் சொன்னால் கணக்கில் இல்லை. ஒன்றுமே சொல்லாவிட்டால் அடுத்த ஆடி.

"என்னன்னு கேக்கட்டும்?" என்றார் தங்கப்பாண்டி.

அண்ணன் தரையைப் பார்த்தார். தங்கை தன் புடவைத் தலைப்பைப் பார்த்தாள். பூசாரிக்கு என்ன காரியம் என்று தெரியாமல் இல்லை, தேவாரத்தில் தெரியாதவர்கள் யார்? ஆனால் அண்ணன் எதிரில் தன் கல்யாணத்தை எப்படி வாய்விட்டுச் சொல்வாள் அவள்? விதவைத் தங்கைக்கு மாப்பிள்ளை என்று எப்படி உரக்கச் சொல்வார் அவர்? எங்கள் பக்கத்து ஆட்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரனோடு வரப்புச் சண்டையை நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி போடுவார்கள். சொந்தத் தங்கையோடு மனசு விட்டுப் பேச மட்டும் பல்லியைத் துணைக்குக் கூப்பிடுவார்கள்.

"மனசுல கேட்டுக்கிறோம்" என்றார் அண்ணன்.

தங்கப்பாண்டி தயங்கினார். பிறகு சூடத்தைப் பெரிதாக வைத்து ஏற்றினார். காற்றுக்கு மறைவாகத் தானே கதவோரம் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு வந்தது ஒரு விநோதமான மௌனம். சத்தமில்லாத மௌனம் அல்ல. வெளியே காற்று ஓடுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு மயில் அகவியது. யாருடைய தோட்டத்திலோ மோட்டார் ஓடி நின்றது. இத்தனை சத்தத்துக்குள்ளேயும் அந்த ஒரு சின்னச் சத்தத்துக்காக நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் சூடத்தின் வெளிச்சம் அந்த மஞ்சள் முகத்தில் அலைந்தபோது, அம்மன் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்வது போலிருந்தது. கண்ணை மூடினேன். உடம்பு லேசாகிவிட்டது. நான் இருக்கிற இடம் கோயிலா, வரும் வழியில் பஸ்ஸில் கண்ட கனவா என்று தெரியவில்லை. சொல்லு, சொல்லிவிடு, இவளுக்காகச் சொல்லிவிடு என்று மனதுக்குள் ஒரு குரல் கெஞ்சிக்கொண்டே இருந்தது. அது என் குரல்தான் என்று தெரிந்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது.

சூடம் குறைந்துகொண்டே வந்தது. நீலமாகி, ஒரு பொட்டளவுக்கு வந்து...

ச்சு ச்சு ச்சு.

வலப்பக்கம். சந்தேகமே இல்லை. கூரை மரம் சுவரில் வந்து ஏறும் மூலையிலிருந்து, கொட்டை எழுத்தில் எழுதியது மாதிரி.

நான் செல்வராணியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் மட்டும் சிரித்தது. அந்த முகத்தை நான் ரொம்ப நாள் மறக்கமாட்டேன்.

பிறகு அண்ணனைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. வாய் உலர்ந்து, கன்னம் தொங்கி, திடீரென்று வயதாகிவிட்ட முகம். மனுஷனுக்கு அவ்வளவு பிடிக்கவில்லையா இந்தக் கல்யாணம் என்று எனக்குக் கோபம் வந்தது.

தங்கப்பாண்டி எழுந்து, உத்தரவு கிடைத்துவிட்டது என்று தட்டை எடுத்தார். எடுத்தவர் எதற்கும் இருக்கட்டும் என்று, சம்மதம் என்றால் சொல்லு என்றுதானே கேட்டீர்கள் என்றார். செல்வராணி தலையை ஆட்டினாள்.

"நான் அப்பிடிக் கேக்கல" என்றார் அண்ணன்.

தட்டு பாதியில் நின்றது.

"கூடாதுன்னா சொல்லு ஆத்தான்னு கேட்டேன்."



எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத தப்பு இது. ஒரே அம்மன், ஒரே பல்லி, வாய்விட்டுப் பேசக் கூச்சப்பட்ட இரண்டு பேர். ஒருத்தி ஆம் என்றால் சொல் என்றிருக்கிறாள், ஒருவர் இல்லை என்றால் சொல் என்றிருக்கிறார். பல்லி சொல்லிவிட்டுப் போய்விட்டது. யாருக்குச் சொன்னது? நடுவில் நான் வேறு தனியாக ஒரு மனுப் போட்டிருந்தேன்.

தங்கப்பாண்டி தலையைச் சொறிந்தார். அவருக்குத் தெரிந்த பாஷையில்தான் அவரால் யோசிக்க முடிந்தது.

"ஒரு சுவிட்சுல ரெண்டு மோட்டார மாட்டி வச்சிட்டீகளேப்பா. இப்ப கரண்டு எதுக்குப் போச்சுன்னு நான் எங்கிட்டுப் போயி பாக்குறது?"

மறுபடி கேட்கலாமா என்றேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். இந்த வருடத்துக் கேள்வி முடிந்துவிட்டது. இனி அடுத்த ஆடி வெள்ளிதான். அதுவரை இந்தக் காரியத்தை யாரும் தொடக் கூடாது.

அப்போது செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட வெளியே தெரியவில்லை.

"சரிண்ணே. அடுத்த ஆடிக்குக் கேட்டுக்கிருவோம்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருடமா? இத்தனை வருடம் தையல் மெஷினில் காலத்தை மிதித்துத் தள்ளியவள், இன்னும் ஒரு வருடத்தை இவ்வளவு சுலபமாக எடுத்துக் கொடுக்கிறாளே. தோழியின் அண்ணனிடம் எனக்குச் சண்டை போட உரிமை உண்டா இல்லையா என்றெல்லாம் யோசிக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"அண்ணே, நீங்க கேட்டது கெடச்சிருச்சுல்ல. கூடாதுன்னு ஆத்தா சொல்லிட்டா. சந்தோசமாத்தான இருக்கணும்? பெறகு ஏன் இப்பிடி இருக்கீக?"

 அவர் தேங்காய்ப் பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தார்.  ரொம்ப மெல்லத்தான் பேசினார், அதுவும் எங்களைப் பார்த்து இல்லை.

"மொதக் கல்யாணத்துக்கும் இங்கனதான் வந்து கேட்டோம். நான்தான் கேட்டேன். நல்லா சொல்லுச்சு, வலப்பக்கமா, இதே மூலையிலருந்து. ஊரக் கூட்டிக் கல்யாணம் பண்ணி வச்சேன். புள்ள நடக்குறதுக்குள்ள இவளையும் புள்ளையையும் திரும்பக் கூட்டிட்டு வந்தோம்." நிறுத்தினார். "திரும்ப எந்த வாயால சரின்னா சொல்லுன்னு கேக்க? அதான் மாத்திக் கேட்டேன். சொல்லாட்டி சரின்னு எடுத்துக்கிருவோம்னு இருந்தேன். சொல்லிருச்சு. சொன்ன ஒடனே, சொல்லாம இருந்திருக்கக் கூடாதான்னு இருக்கு."

 நான் கோபம் என்று பார்த்தது கோபமே இல்லை. கேட்ட பதில் கேட்டபடியே கிடைத்த பிறகுதான், தான் வேண்டிக்கொண்டிருந்தது அதன் நேர் எதிர் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தங்கைக்குத் தெரியாமல், பல்லிக்குத் தெரியாமல், தனக்கே தெரியாமல் அவர் இவளுடைய கல்யாணத்துக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

புதன்கிழமை இரவு அகராதியில் உத்தரவுக்குக் கீழேயே இன்னொரு சொல்லையும் பார்த்தேன். உத்தரவாதம். அதுவும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். நம்மில் பெரும்பாலானவர்கள் கோயிலுக்கும் ஜோசியரிடமும் போவது பதில் கேட்கவா என்ன? பதில் நமக்குத் தெரியும். நாளைக்குக் கெட்டுப்போனால் பழியை ஏற்றுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அதற்காகத்தான் போகிறோம். எந்தப் பல்லியும் இதுவரை அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில்லை.

செல்வராணி அண்ணன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ பாத்தது நல்ல எடந்தாண்ணே" என்றாள். "அவுக இருந்த வரைக்கும் என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல. அவுகளுக்கு ஆயுசு பத்தல, அம்புட்டுத்தான். அத நீயா கொறச்ச?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தங்கப்பாண்டி வெளியே போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் எழுந்தார். அம்மனுக்கு நேராக நின்றார். கை கூப்பியிருந்தார், உதடு அசையவில்லை. ஏதாவது கேட்டாரா, சொன்னாரா என்று தெரியாது. திரும்பி, "வா, போவோம்" என்றார். அவ்வளவுதான். சரி என்பதா அது? அடுத்த ஆடி என்பதா? தங்கப்பாண்டி திருநீறு கொடுத்தார், வாங்கிக்கொண்டோம். 

திரும்பி நடக்கும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது. சாரல் அந்த வெளிச்சத்தில் பொடிப்பொடியாகத் தெரிந்தது. அண்ணன் முன்னால், நாங்கள் பின்னால். செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் உள்ளங்கை சில்லென்றிருந்தது.

மண்பாதை மெயின் ரோட்டில் சேருகிற இடத்தில் ஒரு டீக்கடை. அதன் முன்னால் ஜீப் நின்றது. கோயில் பக்கம் வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். வரவில்லைதான். ஆனால் வீட்டிலும் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. எங்களைக் கண்டதும் சுரேந்திரன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தார், செல்வராணி முகத்தைப் பார்த்தார். இரண்டிலும் அழுத தடம் இருந்தது. பாவம், அவருக்கு அதை எந்தப் பாஷையில் படிப்பது என்று தெரியவில்லை. மடித்துக் கட்டியிருந்த வேட்டியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்.

அண்ணன் அவரைத் தாண்டிப் போய் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். வேறு வழி தெரியாமல் நாங்கள் இருவரும் பின்னால் ஏறிக்கொண்டோம். சுரேந்திரன் தயங்கித் தயங்கி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். சாவியில் கை வைத்தார், திருப்பவில்லை. செல்வராணியின் பிடி என் கையை நெரித்தது.

"வண்டிய எடுங்க மாப்ளே" என்றார் அண்ணன். "மெதுவாப் போங்க. பின்னாடி என் தங்கச்சி உக்காந்திருக்கா."

ஒரு ஜீப்பை சைக்கிள் முந்திக்கொண்டு போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.